பழச்சாற்றில் ஊறிய பன்றி இறைச்சி: வேலை நாள் இரவுக்கு ஓர் உணவுப் பாடம்

இப்பகுதியில் பங்கு மூலதனம், தவணைக் கடன், தணிக்கைக் குறிப்புக்குப் பதில் எழுதும் முறை ஆகியவற்றையே வழக்கமாகப் பாடமாக எழுதி வருகிறோம். இம்மாதம் அடுப்பங்கரையினுள் நுழைந்திருப்பதைக் கண்டு அங்கத்தினர் சிலர் வியப்புறலாம். வீட்டுச் செலவும் வீட்டினரின் உடல்நலமும் சங்கத்துக்குப் புறம்பான விஷயங்கள் என்று நாம் ஒருபோதும் கருதியதில்லை. தவணை தவறிய கடன்களின் காரணத்தை விசாரிக்கப் புகுந்தால், பல இடங்களில் மருத்துவச் செலவே முன்னே வந்து நிற்கிறது. இக்கட்டுரை பிறந்ததும் அத்தகைய ஒரு கடன் ஏட்டிலிருந்துதான்.

வடசென்னையில் கொருக்குப்பேட்டையிலுள்ள ஒரு சிக்கன நாணயச் சங்கத்தின் ஏடுகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். ரயில் பாதைகளும் பக்கிங்காம் கால்வாயும் ஊடறுத்துச் செல்லும் பகுதி அது. துறைமுகத்தையும் சரக்கு நிலையத்தையும் தொழிற்சாலைகளையும் நம்பி வாழும் குடும்பங்கள் நெருங்கிக் குடியிருப்பது. கடன் ஏட்டில் ஓர் அங்கத்தினர் ஏழு மாதம் தவணை கட்டாதிருந்து, பின்னர் வட்டியும் முதலுமாக முழுவதையும் தீர்த்திருந்தார். காரணம் என்னவென்று வினவினோம். “வீட்டுக்கு வாங்க சார், எங்கம்மா சொல்லுவாங்க. அப்படியே ராச்சாப்பாடும் ஆயிடும்” என்றார். விருந்துண்பது ஆய்வாளர்க்கு அழகன்று என்று சற்றுத் தயங்கினோம். கணக்கு முடிந்து கையெழுத்தும் போட்டுவிட்ட பிறகு தடையொன்றுமில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு உடன் சென்றோம்.

அந்த அம்மையாருக்கு எழுபது வயதிருக்கும். பர்மாவில் 1962இல் இராணுவ ஆட்சி ஏற்பட்டு, 1964இல் கடைகளும் வாணிகமும் அரசுடைமையாக்கப்பட்டபின் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. வடசென்னைத் தெருக்களில் இன்று விற்கும் அத்தோவும் மொய்ங்காவும் அவ்வாறு வந்தவையே என்பதை அன்பர்கள் அறிவர். தணலில் வாட்டிய பன்றி இறைச்சியும் அவர் வீட்டுக்கு அவ்வழியே வந்ததாம்.

மகன் சரக்கு நிலையத்திலிருந்தும் மருமகள் ஆயத்த ஆடைத் தொழிற்கூடத்திலிருந்தும் ஏழு மணிக்கு வீடு சேர்ந்தனர். எட்டு மணி பத்து நிமிடத்துக்கு ஐந்து தட்டுகளிலும் உணவு இருந்தது. கடிகாரத்தைப் பார்ப்பது எம் தொழில்வழி வந்த கெட்ட பழக்கம். அதனால் நேரம் துல்லியமாக நினைவிலிருக்கிறது. இருவரும் உழைத்துக் களைத்து வரும் வீட்டில் இறைச்சி என்பது ஞாயிற்றுக்கிழமைப் பண்டம் என்றே நாம் எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் அன்று மாறிற்று.

பன்றி இறைச்சி உண்ணாத அங்கத்தினர் நம்மிடையே பெரும்பான்மையோர் இருப்பர். சமயத்தின் காரணமாக விலக்கியோரும், வழக்கமின்மையால் விலக்கியோரும் இப்பாடத்தை ஆட்டுத் தொடைக்கறிக்கோ முற்றிய சேவலுக்கோ வைத்துப் படிக்கலாம். பழம் செய்யும் வேலை எந்த இறைச்சியிலும் ஒன்றே.

அந்த வேலை யாது? இறைச்சி என்பது புரத இழைகளால் ஆனது. தறியில் பாவு இழைகள் ஒரே திசையில் நெருங்கி ஓடுவதைப் போலத் தசையின் இழைகளும் ஒரே திசையில் ஓடுகின்றன. அவற்றைச் சவ்வு போன்ற உறை பிணைத்து வைத்திருக்கிறது. சூடு பட்டதும் இவை சுருங்கி, உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. ஆகவேதான் அவசரமாக வாட்டிய இறைச்சி செருப்புத்தோல் போலாகிறது. பப்பாளிக்காயின் பாலிலும் அன்னாசிப் பழத்திலும் புரதத்தை வெட்டும் நொதிகள் உள்ளன. முன்னதற்குப் பப்பாயின் என்றும் பின்னதற்குப் புரோமிலைன் என்றும் பெயர். இவை இழைகளை ஆங்காங்கே நறுக்கிவிடுவதால் பல்லுக்கு வேலை குறைகிறது.

பட்டு நெசவாளர்க்கு இதனை விளக்குதல் மிக எளிது. கச்சாப் பட்டில் நடுவே ஃபைப்ராயின் என்னும் இழையும், அதனைச் சுற்றிச் செரிசின் என்னும் பசையும் இருக்கின்றன. இரண்டும் புரதங்களே. சோப்பும் சோடாவும் இட்டுக் கொதிக்கவைத்து அப்பசையை நீக்குகிறோம். அந்தப் பசையை நீக்குவதற்குப் பப்பாயினையும் பயன்படுத்துவதுண்டு. பட்டை மெதுவாக்கும் அதே பொருள் இறைச்சியையும் மெதுவாக்குகிறது. அளவு மீறிப் பசை நீக்கினால் நூல் நலிந்து அறுபடுவதைத் தறியில் கண்டிருக்கிறீர்கள். இறைச்சியிலும் அதுவே நேரும்.

நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறோம். அம்மையாரின் வீட்டில் உண்ட மறு வாரமே நம் வீட்டில் இதனைச் செய்து பார்த்தோம். அரை மணி ஊறினால் நல்லதெனின் பத்து மணி ஊறினால் இன்னும் நல்லதன்றோ என்பது பட்டதாரி மூளைக்குத் தோன்றிய தருக்கம். முதல் நாள் இரவே அன்னாசிச் சாற்றில் அமிழ்த்தி வைத்தோம். மறுநாள் மாலை பாத்திரத்தைத் திறந்தால் துண்டுகளின் மேற்புறம் நனைந்த அட்டை போல் மாவாகிக் கையோடு வந்தது. தணலில் வைத்ததும் உதிர்ந்து கரியோடு கலந்தது. அன்று இரவு தயிர்ச்சோறு.

மீண்டும் கொருக்குப்பேட்டை சென்றபோது இதனைக் கூறினோம். அம்மையார் சிரித்துவிட்டார். “சாறு சாயங்காலந்தான் தம்பி. காலைலயே போட்டா கறி கூழாப் பூடும். உப்புக் காரம் காலைல, பழம் ராவுல” என்றார். நாம் படித்தறிந்த வேதியியல் அனைத்தும் அந்த ஒரு வாக்கியத்துள் அடங்கியிருந்தது. உப்புக்கு உள்ளே ஊடுருவ நேரம் வேண்டும். அது மெல்ல மெல்ல இறங்கி, சுடும்போது நீர் வடிந்துவிடாமல் பிடித்துக்கொள்கிறது. பழத்தின் நொதியோ மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே செல்வதில்லை; அங்கேயே நின்று வெட்டிக்கொண்டிருக்கும். ஆகவே நெடுநேரம் வைத்தால் வெளிப்புறம் கூழாகுமேயன்றி உட்புறம் மெதுவாகாது. மெல்லிய துண்டாக நறுக்கிக் குறைந்த நேரம் ஊறவைப்பதே இதற்கு வழி. வேலைக்குச் செல்லும் குடும்பத்துக்கும் அதுவே வசதி: காலையில் ஐந்து நிமிடம், மாலையில் மீதி.

ஐவர்க்குரிய அளவு வருமாறு. எலும்பில்லாத தோள் அல்லது தொடை இறைச்சி அரை கிலோ. வயிற்றுப்பகுதி வேண்டாம், கொழுப்பு உருகித் தணலில் சொட்டிச் சுவாலை எழும்பும். இழை ஓடும் திசையைப் பார்த்து, அதற்குக் குறுக்கே, அதாவது பாவுக்குக் குறுக்கே ஊடை ஓடும் திசையில், கத்தியைச் செலுத்த வேண்டும். கனம் ஒரு சென்டிமீட்டருக்கு மிகலாகாது. காலையில் தலைதட்டிய ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, மஞ்சள் தூள் கால் தேக்கரண்டி, மிளகாய்த் தூளும் மிளகுத் தூளும் ஒவ்வொரு தேக்கரண்டி, தனியாத் தூள் இரண்டு தேக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி ஆகியவற்றைப் பிசறி, மூடிக் குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டில் வைத்துவிட்டு வேலைக்குச் செல்லலாம். பெட்டி இல்லாத வீட்டார் மாலையில் திரும்பும்போது இறைச்சி வாங்கிக்கொள்வதே தகும். சென்னைக் கோடையில் பச்சை இறைச்சி ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருத்தல் ஆகாது.

மாலை வீடு சேர்ந்ததும் முதல் வேலை கரியைப் பற்றவைத்தல். இரண்டாவது வேலை பழத்தைக் கலத்தல். அன்னாசியின் நடுவே கடினமாக உள்ள தண்டை நாம் எறிந்துவிடுகிறோமன்றோ? நொதி அதில் நிரம்ப உள்ளது. அதனை அரைத்து இரண்டு மேசைக்கரண்டி சேர்த்தால் போதும். சதைப்பகுதியை வளையங்களாக நறுக்கி ஒதுக்கி வையுங்கள். அதற்கு வேறு வேலை இருக்கிறது. அன்னாசி கிடையாதெனின் பச்சைப் பப்பாளிக்காயைத் தோலோடு அரைத்து ஒரு மேசைக்கரண்டி சேர்க்கலாம். பழுத்த பப்பாளியில் பப்பாயின் மிகக் குறைவாதலால் அது பயன்படாது. டப்பாவில் அடைத்த அன்னாசியும் அவ்வாறே. அதனைச் சூடேற்றி அடைப்பதால் நொதி செத்துவிடுகிறது. எதுவாயினும் அரை மணி நேரம் போதும். கர்ப்பிணிகள் உள்ள வீட்டில் பப்பாளியையும் அன்னாசியையும் விலக்கும் வழக்கமிருப்பின் கெட்டித் தயிரைக் கொள்ளலாம். அவ்விஷயத்தில் வீட்டுப் பெரியோரோடு வாதம் புரிவது ஆய்வாளர் வேலையன்று.

பன்றி இறைச்சிக்கும் புளிப்புப் பழத்துக்கும் உள்ள உறவு நம் கண்டுபிடிப்பன்று. குடகு நாட்டார் தம் பன்றிக்கறியில் கச்சம்புளி சேர்ப்பர். குடம்புளிப் பழத்தின் சாற்றைக் கறுத்துக் கெட்டியாகும் வரை காய்ச்சி எடுப்பது அது. இலங்கையில் அதே பழத்தைக் காயவைத்துக் கொறுக்காய் என்று கறியிலிடுவர். கோவாவின் விந்தாலு, போர்ச்சுகீசியர் திராட்சை மதுவிலும் பூண்டிலும் ஊறவைத்த இறைச்சியிலிருந்து வந்தது. கோவாவில் மதுவுக்குப் பதிலாகக் காடி புகுந்தது. பெயரைக் கேட்டு அதில் உருளைக்கிழங்கு போடுவோர் உளர். ‘ஆலு’ அங்கே பூண்டைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல்லின் திரிபேயாகும். பெரம்பூர், இராயபுரம் பகுதிகளின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் விந்தாலு இன்றும் பண்டிகை உணவு. மெக்சிகோ நாட்டில் லெபனானிலிருந்து குடியேறியவர்கள் வழிவந்த முறைப்படி, செங்குத்தான கம்பியில் பன்றி இறைச்சியைக் கோத்து, அதனுடன் அன்னாசியையும் சேர்த்து வாட்டி விற்கின்றனர். கொழுப்பின் திகட்டலைப் புளிப்பு தணிக்கிறது என்பதை ஒவ்வொரு நாட்டு நாக்கும் தனித்தனியே கண்டுகொண்டது போலும்.

சுட்ட இறைச்சி தமிழர்க்குப் புதிதன்று. கரிகால் வளவன் தன்னை நாடிவந்த பொருநனுக்குக் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சியை அளித்த செய்தி பொருநராற்றுப்படையில் வருகிறது. இரவும் பகலும் அதனைத் தின்றதனால், கொல்லை நிலத்தை உழுத கொழுவைப் போலப் பல் மழுங்கிப்போயிற்று என்று அப்பொருநன் கூறுகிறான். பாவம், அன்னாசியும் பப்பாளியும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். ஐரோப்பியர் கப்பல்கள் வந்த பின்னரே நம் நாட்டை அடைந்தன. முன்னரே வந்திருப்பின் அவன் பல் தப்பியிருக்கும்.

இனி நெருப்பு. குமுட்டி அடுப்பில் மரக்கரியைப் பற்றவைத்து, மேலே வெண்சாம்பல் படரும் வரை காத்திருக்க வேண்டும். அதற்கு இருபது முதல் இருபத்தைந்து நிமிடம் ஆகும். இறைச்சி ஊறும் நேரமும் அதுவே. சுவாலை எரியும்போது வைத்தால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். குமுட்டியை மொட்டை மாடியிலோ திறந்த முற்றத்திலோ மட்டுமே வைக்க வேண்டும். மூடிய அறையில் எரியும் கரி கார்பன் மோனாக்சைடு என்னும் மணமற்ற நச்சு வாயுவை வெளியிடும். குளிருக்காக அறைக்குள் கரி மூட்டி உறங்கி உயிரிழந்தோர் செய்தியைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். திறந்த இடமில்லாதோர் இரும்புத் தோசைக்கல்லை நன்கு காயவைத்து அதிலேயே வாட்டலாம். புகை மணம் குறையும், மற்றபடி குறையொன்றுமில்லை.

கம்பிக்குச் சிலர் பழைய சைக்கிள் ஆரங்களைக் கழுவிப் பயன்படுத்துகின்றனர். அவற்றின் மேல் பூசிய உலோகப் பூச்சு உணவில் சேரத் தகாதது. பூச்சில்லாத எஃகுக் கம்பியோ, தண்ணீரில் ஊறிய மூங்கில் குச்சியோ நன்று. அடுப்பில் இடுமுன் துண்டுகளின் மேல் ஒட்டியுள்ள பழ விழுதைத் துடைத்துவிட வேண்டும். பழத்தின் சர்க்கரை விரைவில் கருகும், கருகினால் கசக்கும். ஒரு பக்கம் நான்கு நிமிடம், மறுபக்கம் நான்கு நிமிடம், பிறகு தணல் குறைந்த ஓரத்தில் இரண்டு மூன்று நிமிடம். கடைசியில் அன்னாசி வளையங்களை இருபுறமும் பொன்னிறமாக வாட்டிக்கொள்ளலாம். சூடு பட்ட அன்னாசி நாக்கை அரிப்பதில்லை. அரிப்புக்குக் காரணமானவற்றுள் ஒன்றாகிய அதே நொதி சூட்டில் அழிந்துவிடுகிறது. சுடுசோறு, மிளகு ரசம், எலுமிச்சை பிழிந்த வெங்காயம் ஆகியவற்றோடு கொருக்குப்பேட்டையில் நாம் உண்டது அதுவே.

தவணை தவறிய காரணத்துக்கு வருவோம். அம்மையாரின் பேரனுக்குப் பன்னிரண்டாம் வயதில் திடீரென வலிப்பு கண்டது. படமெடுத்துப் பார்த்த மருத்துவர்கள் மூளையில் நாடாப்புழுவின் கட்டி இருப்பதாகக் கூறினர். மருந்துக்கும் அலைச்சலுக்கும் சம்பள நட்டத்துக்குமாகச் சங்கக் கடன் ஏழு மாதம் நின்றது. தெருவில் உள்ளோர், “பன்னிக்கறி துன்னா இப்படித்தான்” என்று முகத்துக்கு நேரே கூறினர். அம்மையார் இரண்டு ஆண்டுகள் குமுட்டியைத் தொடவில்லை. தன் கையால் சமைத்துப் போட்டதுதான் பிள்ளையை வீழ்த்தியதென்று அவர் நம்பினார். அதனைக் கூறுகையில் அந்த முதியவரின் குரல் தாழ்ந்தது.

அவர் நம்பியது தவறு. மருத்துவர் பின்னர் அவரிடம் விளக்கியதையே இங்கே எழுதுகிறோம். இதனைத் தெளிவாக அறிந்தோர் மிகச் சிலரே. இப்புழுவுக்கு இரு வழிகள் உண்டு. நோயுற்ற பன்றியின் தசையில் அரிசி மணியளவுக்கும் சற்றுப் பெரிதாகவும் வெண்ணிறக் கொப்புளங்கள் இருக்கும். அந்த இறைச்சியை அரைவேக்காடாக உண்டால், உண்டவர் குடலில் நாடாப்புழு வளரும். இது முதல் வழி. அவ்வாறு குடலில் புழு உள்ளவரின் மலத்தில் அதன் முட்டைகள் வெளிவரும். அவை அழுக்குக் கை வழியாகவோ தண்ணீர் வழியாகவோ கழுவாத கீரை வழியாகவோ மற்றொருவர் வயிற்றுள் சென்றால், அங்கிருந்து இரத்தத்தில் கலந்து மூளையில் கட்டியாகின்றன. இது இரண்டாம் வழி. வலிப்பைத் தருவது இந்த இரண்டாம் வழியே. ஆதலால் வாழ்நாளில் பன்றி இறைச்சியைக் கண்ணாலும் காணாத சைவ உணவினர்க்கும் இந்நோய் வருகிறது. புழு உள்ளவர் எவரெனத் தெரியாது. அவர் வீட்டுள்ளும் இருக்கலாம், சாலையோர உணவுக் கடையிலும் இருக்கலாம். அவ்வீட்டார் அனைவரையும் பரிசோதித்து, வேண்டியவர்க்கு மருந்து கொடுத்தனர். பேரன் இப்போது நலமாக இருக்கிறான்; கல்லூரியில் படிக்கிறான்.

தடுக்கக்கூடிய வலிப்புக் காரணங்களுள் இதுவே உலகில் முன்னணியில் நிற்பதென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்நோயைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துள்ளனர். பன்றிக்குப் புழு வருவதும் மனித மலத்திலிருந்தே. வெளியில் திரிந்து மேயும் பன்றி அதனை உண்கிறது. கொட்டிலில் அடைத்துத் தீவனமிட்டு வளர்க்கும் பன்றிக்கு அவ்வாய்ப்பு மிகக் குறைவு. காட்டுப்பாக்கத்திலுள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் வெள்ளை யார்க்‌ஷயர் இனப் பன்றிகளைக் கொட்டிலில் வளர்க்கும் முறையைக் காணலாம். தெருவில் திரிந்த கறுத்த பன்றியை மனத்தில் வைத்துக்கொண்டு இதனை இகழ்வோர் அங்கே ஒருமுறை சென்று வருதல் நன்று. ஆகவே உரிமம் பெற்ற கடையில், பண்ணையில் வளர்ந்ததென்று கேட்டறிந்து வாங்க வேண்டும். தசையில் வெண்மணிகள் தென்பட்டால் வாங்கலாகாது; தென்படாததனால் ஐயமில்லை என்றும் கொள்ளலாகாது.

அன்னாசியோ பப்பாளியோ காடியோ உப்போ இப்புழுவைக் கொல்லும் என்று எண்ணிவிட வேண்டாம். புளிப்பில் ஊறிய இறைச்சி வெளுத்து வெந்தது போல் தோற்றமளிக்கும். மஞ்சள் தூளும் புகையும் நிறத்தை மேலும் மறைக்கும். அது நெருப்புச் செய்த வேலையன்று. இறைச்சியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். சில நூறு ரூபாய்க்கு விற்கும் உணவு வெப்பமானியின் முனையைத் துண்டின் பக்கவாட்டில் செருகிப் பார்த்தால் ஐயம் தீரும். அஃதில்லாதோர் ஆகக் கனமான துண்டை இரண்டாக வெட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சை இறைச்சியின் வழவழப்போ சிவந்த நீரோ இருப்பின் மீண்டும் தணலுக்கே அனுப்ப வேண்டும். மெல்லிய துண்டாக நறுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஊறவைத்த குழம்பைச் சட்னியாகத் தொட்டுக்கொள்வோர் உளர். பச்சை இறைச்சி கிடந்த நீரைக் கொதிக்கவைக்காமல் உண்ணவே கூடாது. பச்சை இறைச்சி நறுக்கிய பலகையில் வெங்காயம் நறுக்குவதும் அத்தகையதே. கை கழுவுதலைப் பற்றித் தனியே எழுத வேண்டியதில்லை. முட்டை எவ்வழியே செல்கிறதென்று மேலே கூறிவிட்டோம்.

பயிர் செய்யும் அங்கத்தினர்க்கு ஒரு சொல். பப்பாளியில் பழம் மட்டுமே வருவாய் என்று எண்ண வேண்டாம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ.2, கோ.5 ஆகிய இரகங்கள் பால் எடுப்பதற்கும் ஏற்றவை. முதிர்ந்து பழுக்காத காயின் மேல் விடியற்காலையில் மூன்று மில்லிமீட்டர் ஆழத்தில் நெடுக்காக நான்கு கீறல்கள் இட்டு, வடியும் பாலைச் சேர்த்து உலர்த்துவது முறை. மூன்று நான்கு நாள் இடைவெளியில் மீண்டும் கீறலாம். அப்பால் கையில் பட்டால் தோல் புண்ணாகும்; இறைச்சியை வெட்டும் நொதி நம் தோலை மட்டும் விட்டுவைக்குமா? கையுறை அவசியம். கீறிய காய் பழுத்தால் உண்பதற்குக் கேடில்லை. ஆனால் தழும்பைக் கண்டு சந்தையில் விலை குறைப்பர். கொல்லிமலை அன்னாசி வளர்ப்போர்க்கும் இதே துன்பம் உண்டு. சிறுத்தும் கோணியும் இருக்கும் பழம் கோயம்பேடு வரை வந்து மலிவாகப் போகிறது. தழும்புப் பழமும் கோணற்பழமும் நுகர்வோர் பண்டகசாலை வழியாக நகரத்து அங்கத்தினர்க்குக் குறைந்த விலையில் வருமாயின் இரு சாராருக்கும் ஆதாயம். ஊறவைக்கும் விழுதுக்குப் பழத்தின் அழகு எதற்கு? கொருக்குப்பேட்டைச் சங்கத்தின் நிர்வாகக் குழுவிடம் இதனைக் கூறினோம். செயலாளர் குறித்துக்கொண்டார், குறித்துக்கொண்டதற்கு மேல் என்ன செய்தாரென்பதை அடுத்த ஆய்வில் பார்ப்போம்.

செலவைப் பொறுத்தவரை, சென்னையில் பன்றி இறைச்சி பொதுவாக ஆட்டிறைச்சியினும் விலை குறைவு. கரியும் மிச்சப்படும். உண்டு முடித்ததும் அம்மையார் குமுட்டியின் மேல் ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து மூடிவிட்டார். காற்றில்லாமல் தணல் அவிந்து, பாதி எரிந்த கரி அப்படியே நிற்கும். அடுத்த முறை புதுக்கரிக்கு அடியில் அதனை இட்டால் விரைவில் பற்றிக்கொள்ளும்.